விருந்துக்கு ஒரு ஜோடி கையுறை

என் மகளின் கல்யாணத்தை ஒட்டி நான் முதன்முதலில் வாங்கிய பொருள் தாலிக்கொடி அல்ல, பட்டுப்புடவை அல்ல, விறகு தூக்குவதற்கான ஒரு ஜோடி தோல் கையுறை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவன், கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன், தேவைக்கும் ஆசைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கரும்பலகையில் கோடு போட்டு விளக்குகிறவன் நான். எங்கள் வீட்டில் விறகு என்ற பொருளே கிடையாது. சமையலுக்கு கேஸ், வெந்நீருக்கு மொட்டைமாடியில் சோலார். நான் கடைசியாகக் கையாண்ட மரம் பல் குத்தும் குச்சி.

இருந்தும் வாங்கினேன். காரணம் என் மனைவியின் அண்ணன்.

மச்சானுக்குப் பல்லடத்துக்குப் பக்கத்தில் தோட்டமும் கோழிப்பண்ணையும் இருக்கின்றன. சில வருடங்களுக்கு ஒருமுறை குலசாமிக்குக் கிடா வெட்டி, தோட்டத்திலேயே பந்தல் போட்டு ஒறம்பரை மொத்தத்துக்கும் விருந்து வைப்பார். ஒறம்பரை என்றால் சொந்தபந்தம், வந்த விருந்தாளி எல்லாமும் சேர்த்து. கறிக்குழம்பு விறகு அடுப்பில்தான் கொதிக்க வேண்டும். கேஸில் வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று யாரும் சொன்னதில்லை. ஒறம்பரை கோபித்துக்கொள்ளும்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் நடந்த விருந்தில், ஆண்கள் எல்லாம் ஆளுக்கொரு வேலையாக ஓடிக்கொண்டிருந்தபோது நான் சலவைச் சட்டையோடு அடுப்பருகே நின்று, புகை எந்தப் பக்கம் போகிறது, ஏன் போகிறது, விறகை எப்படி அடுக்கினால் அது போகாமல் இருக்கும் என்று கருத்துகள் வழங்கிக்கொண்டிருந்தேன். விறகுக்கட்டோடு வந்த மச்சான் வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"மாப்ள, சித்த அக்கட்டால நில்லுங்க. உங்க கை பட்டா வெறகுக்கு வலிச்சுப்போகும்."

அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான். நானே எழுதியிருந்தால் கட்டுரையின் தலைப்பாக வைத்திருப்பேன். ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் கிண்டல் செய்து பத்திரிகைகளுக்கு எழுதுகிறவனுக்கு, தன்மேல் ஒன்று வந்து விழுந்தபோது தாங்கவில்லை. முகத்தில் ஒன்றும் காட்டாமல் பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்ததும், "கை கழுவிட்டு வரேன்" என்று எழுந்து, கையையும் கழுவாமல் காரைக் கிளப்பினேன். பாதி தின்ற ஜிலேபியை இலையில் போட்டுவிட்டு மனைவி பின்னாலேயே ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய் வாய்க்கு வந்தபடி பேசலாம். அடுத்த நோன்பி, பண்டிகைக்குள் எல்லாம் மறந்துபோகும். பரிமாறிய இலையை விட்டு எழுந்து போனால் மறக்காது. அதற்குப் பிறகு போக்குவரத்து நின்றது. இழவுச் செய்திக்கு மட்டும் போன். மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் பல்லடம் ரோட்டில் போகும் போதெல்லாம், அண்ணன் தோட்டத்துக்குத் திரும்பும் பிரிவு வந்ததும் மொபைலை எடுத்துக் குனிந்துகொள்வாள். பிரிவு தாண்டியதும் உள்ளே வைத்துவிடுவாள். மொபைலில் ஒன்றும் வந்திருக்காது.

இந்த நிலையில்தான் மகளுக்குத் தையில் கல்யாணம் என்று முடிவானது. எங்கள் கல்யாணங்களில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன். அப்பன் இல்லாமல்கூட முகூர்த்தம் நடந்துவிடும்; சித்தப்பனோ பெரியப்பனோ நின்று நடத்திவிடலாம். மாமன் இருந்தும் வரவில்லை என்றால், சாப்பிட வந்தவர்கள் பாயசத்தைவிட அதைத்தான் நெடுநேரம் ருசிப்பார்கள். "எங்கண்ணன் நிக்காம எம்புள்ளைக்குக் கல்யாணமா?" என்று மனைவி ஒரே ஒருமுறை கேட்டாள். என்னிடம் அல்ல, மிக்ஸியிடம்.

ஐப்பசியில் மச்சானே அவளைப் போனில் கூப்பிட்டார். மறுபடியும் கிடா விருந்து. "ரெண்டு பேரும் வந்து உக்காந்து வயிறாரச் சாப்பிடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்." அவ்வளவுதான் சொன்னாராம். அதன் பொருள் இருவருக்கும் புரிந்தது. சாப்பிட்டால் கல்யாணத்துக்கு அழைக்கலாம், மாமன் வருவார். சாப்பிடவில்லை என்றால் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரை அச்சடிப்பதுகூட வீண் மைச் செலவு.

மனைவி எனக்குத் தெளிவாகச் சொன்னாள்.

"ஏனுங்க, அங்க போயி நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம். போறோம், உக்கார்றோம், சாப்புடறோம். அண்ணங்கிட்டக் கல்யாணத்துக்குச் சொல்றோம், வாரோம்."

அதாவது, எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை சாப்பிடுவது மட்டும். பால்வாடிக் குழந்தைக்குக் கொடுக்கிற பொறுப்பு. ரோஷமுள்ள எந்த மாப்பிள்ளைக்கும் இது போதாது. என் மனத்தில் வேறு காட்சி ஓடிக்கொண்டிருந்தது: அதே பந்தல், அதே அடுப்பு, கருவேலங்கட்டைகளைத் தோளிலும் கையிலும் அள்ளிக்கொண்டு நான் வருகிறேன், மச்சான் வாயடைத்து நிற்கிறார், பிறகு நான் பெருந்தன்மையோடு கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருகிறேன். இந்தக் காட்சியில் ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. என் கை. சுண்ணாம்புக்கட்டியைத் தவிர வேறெதையும் பிடித்து அறியாத கை. அங்கே வைத்து ஒரு முள் ஏறி நான் "ஆ" என்று சொல்லிவிட்டால் நான்கு வருடத்துக்கு முந்தைய கிண்டலுக்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும்.

ஆகவே கையுறை. அதிலும் கிழியாத கையுறை.

எதையும் படிக்காமல் வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. இணையத்தில் உட்கார்ந்தேன். உலகத்தில் இத்தனை பேர் கையுறையைப் பற்றி இத்தனை ஆழமாகச் சிந்தித்துக்கொண்டிருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. பனி பெய்கிற தேசத்தில் இருக்கும் ஒருவர் தன் கையுறையோடு தனக்கிருந்த உறவைப் பத்தி பத்தியாக எழுதியிருந்தார். மனைவியைப் பற்றி நடுவில் ஒரு வரி வந்தது. இன்னொருவர், கையுறை அருமை, ஆனால் கொண்டுவந்த கூரியர்காரர் முறைத்தார் என்று ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். மூன்றாமவர் இதை மாமனாருக்குப் பரிசளித்தாராம், மாமனார் இன்னும் பிரிக்கவில்லையாம், ஆனாலும் ஐந்து நட்சத்திரம். இவர்களை எல்லாம் நம்பி நான் சில முடிவுகளுக்கு வந்தேன்.

சுமை இறக்குகிறவர்கள் போடும் வெள்ளைப் பின்னல் கையுறை, உள்ளங்கையில் ரப்பர்ப் பொட்டு வைத்தது, பெட்டி தூக்கச் சரி. கருவேல முள் அதற்குள் கொசுவலைக்குள் ஊசி மாதிரிப் போகும். உள்ளங்கை முழுக்க ரப்பர் பூசியது நன்றாகப் பிடிக்கும், ஆனால் தீக்குப் பக்கத்தில் இளகி, பிடித்த கட்டையை விடவே விடாது. தோட்டக் கையுறை என்று விற்பதில் பூப்போட்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு மச்சான் முன்னால் நிற்பதற்குக் கல்யாணத்தையே நிறுத்திவிடலாம். மிச்சம் தோல். ஆட்டுத்தோல் மெத்தென்று இருக்கும், உழைக்காது. மாட்டுத்தோலில் தடித்தது, உள்ளங்கையில் இரட்டைத் தோல் வைத்தது, தையலைத் தீ தின்னாதபடி உள்பக்கம் மடித்துத் தைத்தது, முழங்கைக்குக் கீழே வரை நீண்டது, உள்ளே கத்தி பட்டாலும் அறுபடாத நூலால் லைனிங் கொடுத்தது. அதுதான் எனக்கானது. வெல்டிங் பட்டறைக்காரர்களும் கண்ணாடி வெட்டுகிறவர்களும் சேர்ந்து கனவு கண்டால் வருகிற கையுறை.

உக்கடம் பக்கத்தில் ஒரு சந்தில், பவுண்டரிகளுக்கும் பட்டறைகளுக்கும் தலைக்கவசம், பூட்ஸ், கண்ணாடி விற்கிற கடை இருக்கிறது. கடைக்கார பாய் என் வயதுக்காரர். வாடிக்கையாளர் சொல்வதை ஒருபோதும் மறுத்துப் பேசுவதில்லை என்ற கொள்கையோடு தொழில் செய்கிறவர்.

"எந்த வேலைக்குங்க சார்?"

"விறகு எடுக்க."

"வெறகு டெப்போவுங்களா?"

"இல்லை. மச்சான் வீட்டு விருந்துக்கு."

அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. "தாராளமா எடுக்கலாமுங்க" என்றார். மூன்று நான்கு ஜோடிகளைப் பலகைமேல் பரப்பினார். நான் தையலைத் திருப்பிப் பார்த்தேன், தோலை முகர்ந்தேன், லைனிங்கை விரலால் நிமிண்டினேன். படித்ததை எல்லாம் ஒப்பித்தேன். ஒவ்வொன்றுக்கும், "கரெக்டுங்க சார், நீங்க சொல்றதுதான்" என்றார். கடைசியில் அளவுப் பிரச்சினை வந்தது.

"இது கொஞ்சம் லூசா இருக்கே. தொளதொளன்னு இருந்தா மரச்சிலாம்பு உள்ளே போய்க் குத்திடும்."

"ஆமாங்க, போயிருமுங்க."

"இது இறுக்கமா இருக்கு."

"இறுக்கமாத்தான் இருக்கோணுமுங்க."

"ரொம்ப இறுக்கமா இருந்தா ரத்த ஓட்டம் நிக்காதா?"

"நிக்குமுங்க. ஆனா உங்களுக்கு நிக்காதுங்க சார்."

இறுக்கமானதையே எடுத்தேன். கட்டிக் கொடுக்கும்போது, "இது எத்தனை நாள் உழைக்கும் பாய்?" என்று கேட்டேன். "நீங்க போனாலும் இது இருக்குமுங்க" என்றார். வியாபாரத்தில் இவ்வளவு உண்மை பேசுகிறவரை நான் பார்த்ததில்லை.

வீட்டில் மனைவி அதைப் பார்த்தாள். மஞ்சள் நிறத்தில், பளபளவென்று, சாப்பாட்டு மேசைமேல் இரண்டு வெட்டப்பட்ட கைகள் மாதிரிக் கிடந்தது.

"இதென்னங்க, கரன்ட் கம்பியப் புடிக்கப் போறீங்களா?"

"விறகு எடுக்க. உங்க அண்ணன் தோட்டத்துல."

"அங்க வெறகு எடுக்க ஆளிருக்குது. உங்கள யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கலை. அதுதானே விஷயம்."

அவள் என்னையும் கையுறையையும் மாறிமாறிப் பார்த்தாள். "சாமி, அன்னைக்கு நீங்க சாப்புட்டாப் போதும்" என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "கார் சாவி அன்னைக்கு எங்கிட்ட இருக்கட்டுங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

விருந்தன்று காலையில் தோட்டத்துக்குப் போய் இறங்கினோம். "வாங்க மாப்ள. வா கண்ணு" என்றார் மச்சான். வாசகம் சரியாக இருந்தது. குரலில் மட்டும் புதிதாக வந்த அதிகாரியை வரவேற்கிற ஜாக்கிரதை. அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என் கையில் காபி டம்ளரைக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்று உறுதிப்படுத்திக்கொண்டு போனார். பந்தலில் இருந்த சனம் முழுவதும் எங்களைப் பார்க்காதது மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் கையுறையை எடுத்தேன். எடுத்ததும் அதன் குறை தெரிந்தது. புதுசு. ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை. இதைப் போட்டுக்கொண்டு போனால் கடையிலிருந்து நேராக வந்தவன் என்று கண் தெரியாதவனும் சொல்லிவிடுவான். இதற்கும் நான் படித்து வைத்திருந்தேன். தோலை நன்றாகத் தண்ணீரில் நனைத்து, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு, கையிலேயே காயவிட்டால், அது நம் சொந்தத் தோல்போல ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு வீடியோவில் ஒருவர் விளக்கியிருந்தார். அவர் சொன்னது ஏதோ விளையாட்டுக் கையுறைக்கு என்பதும், அவர் பக்கத்தில் கோட்டை அடுப்பு எரிந்துகொண்டிருக்கவில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் உறைத்தது. மோட்டார் ரூமுக்குப் பக்கத்துத் தொட்டியில் இரண்டையும் முக்கி எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினேன். வீடியோக்காரர் பொய் சொல்லவில்லை. ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு நான் செய்த வேலையை நானே சொல்வது அழகில்லை. வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். பந்தலுக்குப் பின்னால் கருவேலும் புளியும் குவிந்து கிடந்தன. அள்ளினேன். முள் ஒன்றும் உள்ளே வரவில்லை. சிலாம்பு கையுறையில் மோதித் தோற்றுக் கீழே விழுந்தது. நீளமாகப் பள்ளம் வெட்டிய கோட்டை அடுப்பின் வாய்க்குக் கொண்டுபோய், குனிந்து, தீக்குள் கையை நீட்டிக் கட்டையைத் தள்ளினேன். சூடு தெரியவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக, இணையத்தில் படித்தது ஒன்று பலித்திருந்தது.

"மாப்ள எந்தக் கம்பெனியிலருந்து வந்திருக்கறாரு?" என்று ஒருவர் கேட்பது காதில் விழுந்தது.

"பாய்லர் இன்ஸ்பெக்சனுங்க" என்றார் இன்னொருவர்.

நான் அசரவில்லை. மச்சான் தூரத்தில் நின்று பார்ப்பது தெரிந்தது. அவர் பார்க்கப் பார்க்க இன்னும் இரண்டு கட்டை தள்ளினேன். கடைசியில் சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்து கும்பிட்டார்.

"போதுமுங்க, போதுமுங்க! கொழம்பு அடி புடிக்குதுங்க! நீங்க போயி ஒக்காருங்க சாமி!"

எனக்கு அது பாராட்டாகவே பட்டது.

இலை போட்டுவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். இடது கையுறையைக் கழற்றினேன். கொஞ்சம் அடம் பிடித்துவிட்டு வந்தது. வலதைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. விரல் விரலாக இழுத்தேன். வரவில்லை. தீக்குள் போய்ப் போய் வந்தது வலது கைதான். காலையில் ஈரமாக இருந்த தோல் இப்போது பானை ஓடு மாதிரி இறுகிப்போயிருந்தது. உள்ளே என் கை இருப்பதற்கான ஒரே அடையாளம் வலி.

அதற்குள் அக்கா வந்து, "வாங்க தம்பி, மொதப் பந்தியில நீங்க ஒக்காரோணுமுங்க" என்று நிற்கிறார். தோள்துண்டை எடுத்து வலது கைமேல் போட்டு மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் மனைவி. அவள் முகத்தில் நான்கு வருடங்களாக நான் பார்க்காத ஒரு தெளிச்சல். மச்சான் யாரையும் விடாமல் தானே சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு வந்து என் இலையில் போட்டார். குழம்பை ஊற்றினார். ஈரலை எனக்கென்று பொறுக்கி வைத்தார். வைத்துவிட்டு நகரவில்லை. அவர் மட்டுமல்ல, பந்தியே நகரவில்லை. பக்கத்து இலைக்காரர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். நான் முதல் வாய் வைத்தபிறகுதான் மற்றவர்களுக்குப் பசிக்கும் போலிருந்தது.

துண்டுக்குள் என் விரல்கள் ஒன்றை ஒன்று உந்தித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தன. இடது கையால் சாப்பிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்கு இலையைத் தூக்கி எறிவதே மரியாதை. ஸ்பூன் கேட்கலாமா? எங்கூட்டுச் சோத்தைக் கையில் தொட மாட்டாராமா என்று மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து இழுத்தால் வந்துவிடும் என்று தோன்றியது. யோசிக்காமல் எழுந்தேன். எழுந்தபோது என் வாயிலிருந்து வந்தது என்ன என்பதைக் காதால் கேட்டபிறகுதான் உணர்ந்தேன்.

"கை கழுவிட்டு வரேன்."

டம்ளர்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். மனைவி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, இலையைப் பார்த்தாள். விளக்கம் சொல்லியிருக்கலாம். துண்டை விலக்கிக் காட்டியிருக்கலாம். ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் கையுறை கழறவில்லை என்று சொல்வதைவிட, கோபித்துக்கொண்டு போகிறவனாகத் தெரிவது எனக்கு அந்த நொடியில் கௌரவமாகப் பட்டது. மோட்டார் ரூமை நோக்கி நடந்தேன். அதற்கு அந்தப் பக்கம்தான் எங்கள் கார் நின்றது.

தொட்டிமேல் குனிந்து வலது கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

"மாப்ள, போயராதீங்க."

மச்சான். மூச்சு வாங்கியது. நான் திரும்பவில்லை, திரும்புகிற நிலையில் இல்லை.

"அன்னைக்கு நான் சொன்னது வெளையாட்டுக்குச் சொன்னதுங்க. சொல்லியிருக்கப்படாது, அது நெசந்தான். அதுக்கு எத்தன வருசமுங்க? எந்தங்கச்சி இந்தத் தடத்துலயே வர்றதில்லீங்க. இப்ப அந்தப் புள்ளைக்குக் கண்ணாலமுங்கறாங்க. ஊரெல்லாம் எங்கிட்ட வந்து கேக்குது, மாமங்காரனுக்குச் சொல்லலீங்களான்னு. நான் என்னத்தங்க சொல்றது?"

கடைசி வார்த்தையில் அவர் குரல் கொஞ்சம் கம்மியது. கோழிப்பண்ணைக்குள் நோய் புகுந்து கொட்டகை கொட்டகையாகக் காலியானபோதுகூட அப்படிக் கம்மாத குரல் என்று மனைவி சொல்லி நான் கேள்விப்பட்டிருக்கிறேன். இத்தனை வருடமும் அவர் தோட்டத்தில் காலாட்டிக்கொண்டு என்னை நினைத்துச் சிரிப்பதாகவே நான் கற்பனை செய்து வந்திருந்தேன். நான் கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். முழங்கையிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் சொட்டியது.

அவர் அதையே பார்த்தார்.

"இதென்னங்க மாப்ள?"

"கையுறை."

"அது தெரியுதுங்க. சோத்த உட்டுப்போட்டு வந்து இதையெதுக்குத் தொவைக்கறீங்க?"

"தொவைக்கலை மச்சான். வரமாட்டேங்குது."

"எது?"

"இதுதான். கழட்ட முடியலை. அதான் எழுந்து வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் அவருடைய பெருந்தன்மை என்று இப்போதும் நினைக்கிறேன். வேட்டியை மடித்துக் கட்டினார். தொட்டிச் சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். நான் மொத்தமாக வந்தேன், கையுறை வரவில்லை. தேங்காயெண்ணெய் வந்தது, ஊற்றிப் பார்த்தார். கறி வெட்டுகிறவரைக் கூப்பிட்டார். அவர் கிடாயைத் துண்டு போட்ட கத்தியோடு வந்து, கையுறையின் மேல்தோலை லேசாக அறுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "உள்ள என்னமோ நூலு இருக்குதுங்க. ஏறமாட்டேங்குது. இன்னும் அழுத்துனா அப்புறம் எது அறுபடும்னு சொல்ல முடியாதுங்க."

மச்சான் தோலை விரலால் தட்டிப் பார்த்தார். முதன்முறையாக அவர் கண்ணில் என்மேல் ஒரு மதிப்பு தெரிந்தது.

"எங்க வாங்குனீங்க மாப்ள? நம்ம பண்ணைக்கு ரெண்டு ஜோடி வேணும்."

அப்போதுதான் மனைவி வந்தாள். முதலில் காரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தவள், கார் நகராது என்று தெரிந்திருந்தவள், அப்படியும் போய்ப் பார்த்திருக்கிறாள். கண் சிவந்திருந்தது. என் கையைப் பார்த்தாள், அண்ணன் ஊன்றியிருந்த காலைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள்.

"கழட்ட வரலியாம் கண்ணு" என்றார் மச்சான், ஒரு கன்றுக்குட்டிக்கு உடம்பு சரியில்லை என்பதுபோல.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து முட்டியதில் மூக்கிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"சோறு ஆறுதுங்ணா" என்றாள். "ஒருத்தரும் கை வெக்காம ஒக்காந்திருக்கறாங்க."

மச்சான் ஒரு கணம் யோசித்தார். பிறகு என் கையுறையைப் பிடித்து, அதோடு சேர்ந்து என்னையும், பந்தலுக்குள் நடத்திக்கொண்டு போனார். என்னைப் பழைய இடத்தில் உட்காரவைத்தார். தானும் எனக்கு எதிரே, இலைக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையைக் கழுவிக்கொண்டு என் இலையில் சோற்றையும் குழம்பையும் பிசைந்தார். பந்தல் மொத்தமும் பார்க்க, "வாயத் தொறங்க மாப்ள" என்றார்.

திறந்தேன். மாட்டுக்கு மருந்து கொடுத்துப் பழகிய கை. தப்பிக்க வழி இல்லாத உருண்டை.

ஒரு கிழவர் தூரத்திலிருந்து, "ஊட்டி உட்டாச் சாப்புட்ட கணக்காகுமா?" என்று சந்தேகம் கேட்டார். "உள்ள போனாச் சாப்புட்டதுதான். உங்களப் பாத்து யாரு கேட்டது, நீங்க திங்கற வேலையப் பாருங்க" என்று அக்கா அவரை அடக்கினார். அதன்பிறகு பந்தி முழுதும் கை வைத்தது. வயிறு நிறைவதற்காக அத்தனை பேர் என் வாயை நம்பிக் காத்திருந்தது அன்று மட்டும்தான்.

மச்சான் எனக்கு ஊட்டிக்கொண்டே தங்கையோடு பேச ஆரம்பித்தார்.

"தையில எப்பக் கண்ணு? மண்டபம் புடிச்சாச்சா?"

"ஆச்சுங்ணா. காந்திபுரத்துக்குப் பக்கத்துலயே."

அந்த மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு என்னிடம் நியாயமான காரணங்கள் இருந்தன. வாயைத் திறந்தேன். உருண்டை வந்தது.

"அங்க வண்டி நிறுத்த எடமிருக்காதே? சரி, அது கெடக்குது. சமையலுக்கு யாரு?"

"இவிய யாரையோ பாத்து வெச்சிருக்கறாங்க. புக்குல படிச்சு."

புக்கில் அல்ல என்று மறுக்க நினைத்தேன். ஈரல் வந்தது.

"அதெல்லாம் வேண்டாம். ஈரோட்டுல நம்ம ஆளிருக்கறான், சொல்லிப்போடறேன். மாப்ள, இன்னொரு வாய். புள்ளைக்குப் பொடவை எடுத்தாச்சா?" என்று கேட்டு, அக்கா பக்கம் தலையை ஆட்டிக் காட்டினார். "உன்ற நங்கையாளையும் கூட்டிட்டுப் போங்க. பட்டங் கட்டறதுக்கு விடியக்காலமே வந்தாப் போதுமா, மொதநாளே வந்தரட்டுமா?"

மனைவி தலையை மட்டும் ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"மொதநாளே வந்தர்றேன்" என்று மச்சானே முடிவு செய்துகொண்டு, எனக்கு ரசம் சோறு பிசைய ஆரம்பித்தார்.

சாயங்காலம் திரும்பும்போது மனைவிதான் கார் ஓட்டினாள். ஸ்டியரிங்கைப் பிடிக்கும் தகுதி என் வலது கைக்கு இன்னும் வரவில்லை. பின்சீட்டில் கறிக்குழம்பு ஒரு தூக்குப்போசி, கோழி, வாழைத்தார், தேங்காய். பல்லடம் ரோட்டில் ஏறியதும் எனக்குள் ஒரு நிறைவு பரவியது. சரித்திரத்தில் பெரிய சமாதானங்கள் எல்லாம் இப்படிச் சின்னப் பொருள்களால்தான் நடந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. மடியில் கிடந்த கையுறையை, உள்ளே என் கையோடு, சற்றுத் தூக்கிக் காட்டினேன்.

"பார்த்தியா? நீ வேண்டாம்னே. கடைசியில் இதுதான் ரெண்டு குடும்பத்தையும் சேர்த்து வெச்சது."

அவள் முன்னால் போன லாரியைத் தாண்டி முடித்தாள். பிறகு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"அதில்லீங்க. உங்க வாயில பூராச் சோறு இருந்துச்சு. எங்கண்ணன் சித்த நேரம் நிம்மதியாப் பேசுச்சு."